காண்ட்ராக்ட் காமாலையும் பர்மனெண்ட் காமாலையும்

காமாலை வந்தால் என்ன செய்யலாம் என்று கேட்டு என் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். நான் டாக்டர் இல்லை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டு ஓடுகிற இடத்தில் ஃபிட்டர், அதுவும் காண்ட்ராக்ட். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில், "அதெல்லாம் சரிங்க, எந்த ஊர்ல மருந்து குடிச்சீங்க?" என்று கேட்பார்கள். அப்போது எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இனி வருகிறவர்களிடம் இதைக் கொடுத்து உட்கார்ந்து படிக்கச் சொல்வேன்.

முதலில் ஒன்று. காமாலை என்பது நோயின் பெயர் இல்லை. கண்ணும் தோலும் மஞ்சளாவதன் பெயர். காய்ச்சல் என்றால் உடம்பு சுடுகிறது என்று மட்டும்தான் அர்த்தம், எதனால் சுடுகிறது என்பது அதில் இல்லை. அதே மாதிரிதான் இதுவும். இந்த ஒரு விஷயம் எனக்கு மண்டையில் ஏற, நான் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியிருந்தது.

தானே புயலுக்கு நாலு வருஷம் கழித்து ஒரு பெருமழை பெய்ததே, அந்த மழை விட்டு, தை பிறந்திருந்தது. என் மகள் கலைமதிக்கு ஏழாம் மாதம். மேல்பட்டாம்பாக்கத்தில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு போட்டு, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். நாங்கள் இருப்பது நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, காண்ட்ராக்ட் ஆட்கள் வீடு கட்டிக்கொண்ட ஒரு காலனி. காலையில் ஒரு மணி நேரம் குழாயில் தண்ணீர் வரும். அதை அப்படியே குடிப்போம். கலைமதி மட்டும் குடிக்க மாட்டாள். அவளுக்கு நெஞ்சுக்கரிப்பு என்று என் மனைவி மல்லிகா சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைத் தனியாக ஒரு சொம்பில் வைப்பாள்.

அதைப் பார்த்து நான் சும்மா இருக்கவில்லை. "பொறந்ததுலேர்ந்து இந்தத் தண்ணியக் குடிச்சித்தான வளந்த. கல்யாணம் ஆயி ஒரு வருஷத்துல எங்க வூட்டுத் தண்ணி ஒனக்கு ஆவாம போச்சா?" என்று கேட்டேன்.

"ஆயா மாதிரி கத்தாதப்பா. எனக்குப் புளிச்ச ஏப்பம் வருது, அதான்" என்றாள்.

அவள் வந்து பத்து நாள் இருக்கும். எனக்குப் பீடி கசந்தது. முப்பது வருஷப் பழக்கம். பற்றவைத்தால் முடி கருகிய நாற்றம் அடித்தது. சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டியது. காய்ச்சல் வந்தது. ஷிப்டுக்குப் போகாவிட்டால் இன்னொருத்தனைப் போட்டுவிடுவார்கள் என்று காய்ச்சல் மாத்திரையை வேளைக்கு இரண்டாக விழுங்கிவிட்டுப் போனேன். அது முட்டாள்தனம் என்று பின்னால் டாக்டர் சொன்னார். அந்த மாத்திரையை அளவு மீறிப் போட்டால் அதுவே கல்லீரலைத் தாக்குமாம். கிடைக்கிற இடமெல்லாம் வாங்கி விழுங்கும் மாத்திரை, யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அடுத்து சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனது. ஒரு காலையில் கலைமதி என்னை வாசலுக்கு இழுத்தாள். "அப்பா, வெயில்ல வா. மேல பாரு. கண்ணக் காட்டு." பார்த்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள்.

மல்லிகாவின் தம்பி சேகர் அன்றே பைக் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "மாமா, காமாலைக்கு இங்கிலீசு மருந்து கெடையாது. குள்ளஞ்சாவடி கிட்ட ஒரு பெரியவர் குடுக்குறாரு. மூணு காலை. உப்பு கூடாது. அவ்ளோதான்."

போனேன். அந்தப் பெரியவரைத் திட்ட மாட்டேன். பணம் கூடக் கேட்கவில்லை. ஏதோ ஒரு தழையை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். வரிசையில் எனக்கு முன்னால் இருபது பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் ஏற்கெனவே அவரிடம் குணமானவர்கள் சொல்லி வந்தவர்கள். ஏன் குணமாகிறார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் காலை நான் மோரை வாந்தி எடுத்தேன். பிறகு தூங்கினேன். மதியம் எழுப்பினால் எழுந்து, எந்த ஷிப்டு என்று கேட்டுவிட்டு மறுபடியும் தூங்கினேனாம். கலைமதி வயிற்றைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்குப் போய் ஆட்டோ கூட்டி வந்துவிட்டாள். சேகர் இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றான். "ஒன் அக்கா தாலிய வச்சி நீ பாக்கறியா மாமா?" என்று அவள் கேட்டாளாம். நெய்வேலியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே ஒரு பெண் டாக்டர். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். வலது விலா எலும்புக்குக் கீழே அழுத்தினார். முனகினேன். ரத்தம் எடுத்தார்கள். குழாய் குழாயாக எடுத்தார்கள். இத்தனை எதற்கு என்று கேட்டேன். என்னை மாதிரி ஆளுக்கு யாரும் பதில் சொல்வதில்லை; அவர் சொன்னார். உடம்பில் பழைய ரத்த அணுக்கள் உடைந்துகொண்டே இருக்கும், அதிலிருந்து ஒரு மஞ்சள் கழிவு வரும், அதற்குப் பெயர் பிலிருபின். கல்லீரல் அதை வாங்கிப் பித்தத்தோடு சேர்த்து வெளியே தள்ளும். கல்லீரல் வீங்கிவிட்டால் தள்ள முடியாது, தேங்கும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. முன்னால் இருக்கும் பெல்ட்டு நின்றுவிட்டால் பின்னால் வருகிற கரி எல்லாம் ஒரே இடத்தில் குவியும். தினமும் பார்க்கிறேன்.

"மஞ்சள் எவ்வளவு ஏறுதுங்கறது எனக்குப் பெரிய கவலை இல்ல" என்றார். "ரத்தம் உறையறதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. உறையற சத்தைக் கல்லீரல்தான் செய்யுது. அந்த நேரம் கூடினா, கல்லீரல் வேலையை நிறுத்துதுன்னு அர்த்தம். அப்பறம் மூளை குழம்பும்." மல்லிகா பக்கம் திரும்பினார். "இவர் பேச்சுல நடத்தையில ஏதாவது மாற்றம் இருக்காங்க?"

மல்லிகா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கல்யாணம் ஆனதுலேர்ந்து இவுரு கத்திகினேதான் இருப்பாருங்க. ரெண்டு நாளா ஒரு சத்தமும் இல்ல. உப்பில்லாத கஞ்சியக் குடுத்தேன், வாயத் தொறக்காம குடிச்சாரு. அதான் பயமா இருக்குதுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார்.

கையில் குளுகோஸ் ஏற்றி, மலம் கட்டாமல் போவதற்கு ஒரு இனிப்பு மருந்தை வேளாவேளைக்குக் கொடுத்தார்கள். குடலில் தேங்குகிற அழுக்கு ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகாமல் இருக்க அது. மூன்றாம் நாள் காலை இட்லி ஆறிப்போயிருந்தது. "இதைத் தின்ன மனுசனால முடியுமா?" என்று கத்தினேன். மல்லிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நர்ஸிடம் ஓடினாள். "கத்திட்டாருங்க, கத்திட்டாரு." என் சத்தத்தைக் கேட்டு ஒருத்தி சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

பக்கத்துக் கட்டிலில் யூசுப் பாய். காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை வாங்கி விற்கிறவர். அவருக்கும் கண் மஞ்சள்தான். என்னைவிட மெலிந்து, பொறுமையான ஆள். அவர் மனைவி ஒரு தட்டையும் டம்ளரையும் துணியில் முடிந்து கட்டிலுக்கு அடியில் தனியாக வைத்திருந்தார். அவர் சாப்பிட்டதும் அதைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவுவார். மகன்கள் வந்தால் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கம் நேர்மாறு. நான் மிச்சம் வைத்த இட்லியை மல்லிகா தின்றாள். சேகர் என் டம்ளரிலேயே தண்ணீர் குடித்தான். கலைமதி தினமும் மதியம், டாக்டர் பார்த்துவிட்டுப் போன பிறகு, ரசம் சாதம் கொண்டுவந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்களுக்குள் என்ன பிரிவினை என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஐந்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் கட்டிலருகே வந்து, "உங்களுக்கு ஹெபடைட்டிஸ் இ" என்றார்.

ஹெபடைட்டிஸ் என்றால் கல்லீரல் வீக்கம். கிருமியால் வருவதில் ஐந்து வகை, ஏ, பி, சி, டி, இ என்று பெயர். சேகர் விரலை மடக்கி எண்ணினான். "ஏ, பி, சி, டி, இ... அக்கா, கடைசி ஸ்டேஜு" என்றான். மல்லிகா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஸ்டேஜ் இல்லைங்க, டைப்" என்றார் டாக்டர்.

எங்கள் ஊரில் டைப் என்றால் கம்பெனி கொடுக்கும் குவார்ட்டர்ஸ் வீடு. எழுத்து மாறினால் வீடு மாறும், ஆளின் உயரமும் மாறும். "எந்த டைப்பு பெருசு?" என்று கேட்டேன். நக்கலுக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

டாக்டர் நின்று நிதானமாகச் சொன்னார். ஏ-யும் இ-யும் வயிற்று வழியாக வருபவை. மலம் கலந்த தண்ணீர், கழுவாத கை, ஈ மொய்த்த பண்டம். ஏ பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும். எங்கள் ஊர் மாதிரி இடங்களில் பாதிப் பேருக்குச் சின்ன வயதில் வந்ததே தெரியாமல் வந்து போயிருக்கும். இ பெரியவர்களைப் பிடிக்கும். இரண்டுக்கும் தனி மருந்து கிடையாது. ஓய்வும் சாப்பாடும்தான். சில வாரத்தில் தானாகவே போய்விடும், கல்லீரல் பழையபடி ஆகிவிடும். குள்ளஞ்சாவடிப் பெரியவரிடம் எல்லோரும் ஏன் குணமாகிறார்கள் என்று இப்போது தெரிகிறதா? நோய் தானாகப் போகிறது, பெயர் அவருக்குக் கிடைக்கிறது. குணமாகாதவன் திரும்பி வந்து சொல்வதில்லை. என்னைப் போல நூற்றில் யாரோ ஒருவன் கெட்டுப்போகும்போது, அங்கே உப்பில்லாமல் உட்கார்ந்து நேரத்தை வீணடிக்கிறான்.

பி-யும் சி-யும் ரத்த வழியாக வருபவை. பரிசோதிக்காத ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசி, சவரக் கத்தி, உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு. அவை சிலரிடம் தங்கிவிடும். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து கல்லீரலைச் சுருக்கும். பி-க்குத் தடுப்பூசி உண்டு. தங்கிவிட்டால் அடக்கி வைக்க மாத்திரை உண்டு. சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் இப்போது வந்திருக்கும் மாத்திரையை மூணு மாதம் போட்டால் பெரும்பாலும் ஒழிந்துவிடுகிறது. டி தனியாக வராது, பி இருக்கிறவனிடம்தான் ஒட்டும்.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த யூசுப் பாய் மெதுவாகச் சொன்னார்: "ஃபிட்டரே, ஒங்களுக்கு வந்தது காண்ட்ராக்ட்டு. வேலைய முடிச்சிட்டு கெளம்பிடும். எனக்கு வந்தது பர்மனெண்ட்டு."

அவருக்கு பி. எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. "இருவத்தி ரெண்டு வருசமா பர்மனெண்ட்டு, பர்மனெண்ட்டுன்னு கொடி புடிச்சிகினு இருக்கேன் பாய். சீக்குகூட எனக்குக் காண்ட்ராக்ட்டுலதான் வருது" என்றேன்.

வார்டே சிரித்தது. டாக்டரும் சிரித்தார். சிரித்துவிட்டு, கிளம்புகிறவர் திரும்பி, "ஒண்ணு கேக்க மறந்துட்டேன். இந்த இ டைப் எல்லாருக்கும் போயிடும், ஒருத்தரைத் தவிர. கர்ப்பிணிகளுக்கு வந்தா ரொம்ப ஆபத்து. கடைசி மாசங்கள்ல உயிருக்கே ஆபத்து. உங்க வீட்டுல யாரும் இல்லையே?" என்றார்.

மல்லிகா வாசல் பக்கம் திரும்பினாள். கலைமதி வாசலில் டிபன் கேரியரோடு நின்றிருந்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். டாக்டர் அவள் வயிற்றைப் பார்த்தார். கேரியரை வாங்கிக் கீழே வைத்தார். "நீ என்கூட வாம்மா" என்று அழைத்துப் போனார்.

எனக்கு வந்த பயத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. வேலையில் ஒரு தடவை ஓடுகிற பெல்ட்டில் சட்டை மாட்டி இழுத்திருக்கிறது. அது ஒரு நொடி. இது அப்படி இல்லை.

அவள் ரத்தத்தில் கிருமி இல்லை என்று மறுநாள் வந்தது. மல்லிகா கும்பிட்டாள். டாக்டர், "இன்னிக்கு இல்ல, அவ்வளவுதான்" என்றார். தண்ணீரில் உள்ளே போன கிருமி இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம்வரை காட்டாமல் இருக்குமாம். அவளுக்குக் குழந்தை பிறக்கவும் அதே இரண்டு மாதம்தான் இருந்தது. "தினமும் கண்ணைப் பாருங்க. சிறுநீர் நிறத்தைப் பாருங்க. வாந்தி, காய்ச்சல்னா அந்த நிமிஷமே கூட்டிட்டு வாங்க" என்றார். என்னிடம், "உங்க மலத்துல கிருமி போய்ட்டு இருக்கு. சோப்பு போட்டுக் கை கழுவுங்க. உங்க எச்சில் தட்டுல யாரும் சாப்பிடக் கூடாது. பாய் தட்டுல யார் வேணாலும் சாப்பிடலாம், அதுல ஒண்ணும் ஒட்டாது" என்றார்.

நாங்கள் பெருமைப்பட்டதும் தப்பு, பாய் வீட்டில் பயந்ததும் தப்பு.

அந்தக் கோபத்தில் நான் பாய் மனைவியிடமே கேட்டுவிட்டேன். "ஏம்மா, தட்டைப் பிரிச்சிட்டீங்களே, பாய் சவரம் பண்ற ரேசர வூட்டுல வேற யாரு எடுக்கறாங்க?"

"பெரியவனும் சின்னவனும்தான். ஒரே செட்டுதான் இருக்குது" என்றார் அந்த அம்மா.

"அதப் பிரிங்கம்மா மொதல்ல. தட்டைக் கட்டிகினு அழுவறீங்க."

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிகம் பேசிவிட்டேனோ என்று நினைத்தேன். ஆனால் அன்று மாலையே டாக்டர் அந்த அம்மாவையும் மகன்களையும் ரத்தம் கொடுக்க வரச் சொன்னார். இல்லை என்று வந்தால் மூன்று தடுப்பூசி, வாழ்நாள் முழுக்கக் காப்பு. அந்த அம்மாவுக்கும் இல்லை, மகன்களுக்கும் இல்லை. முதல் ஊசி போட்டுக்கொண்டு மகன்கள் இருவரும் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்கள். பெரியவன் அத்தாவின் தட்டிலிருந்து ஒரு ஆரஞ்சுச் சுளையை எடுத்துத் தின்றான். பாய் அவனைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது என் விஷயம். "உங்க தெருவுல வேற யாருக்காவது இருக்கா?" என்று டாக்டர் கேட்டிருந்தார். மல்லிகா சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது. தையல்காரர், பால்காரர் மகன், கோடி வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். எல்லோரும் பொங்கலை ஒட்டி விழுந்தவர்கள், எல்லோரும் குள்ளஞ்சாவடியில் மோர் குடித்தவர்கள். நான் எகிறினேன். தண்ணீர் விடுகிறவனைத் திட்டினேன், சாக்கடை வாராதவனைத் திட்டினேன், பரோட்டாக் கடைக்காரனைத் திட்டினேன். வந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் திட்டினேன். "எவனோ ஒரு நாய் பண்ண வேலை. அவன் கையில கெடைச்சா..." என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் நின்றுவிட்டது.

எங்கள் தெருக் குழாய், முனையில் சாக்கடையின் அடியாகக் குறுக்கே போனது. இரண்டு வருஷம் முன்பு ஒரு டிராக்டர் ஏறி அந்த இடத்தில் விரிசல் விட்டது. மூன்று நாள் தண்ணீர் இல்லை. நான்தான் இறங்கினேன். கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டு ரப்பரில் ஒரு துண்டு வெட்டி, விரிசலைச் சுற்றிப் போர்த்தி, கட்டுக்கம்பியால் ஏழு சுற்று முறுக்கினேன். தெருவே பாராட்டியது. தையல்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். "இது டெம்பரவரிதான், கிளாம்ப்பு வாங்கிப் போட்டுடறேன்" என்றேன். அப்புறம், "போடாட்டியும் நம்ம ஒட்டு பத்து வருசம் நிக்கும்" என்றும் சொன்னேன்.

சாக்கடைத் தண்ணீரில் கட்டுக்கம்பி எத்தனை நாள் நிற்கும்? ஃபிட்டருக்குத் தெரியாதா? தண்ணீர் வருகிற ஒரு மணி நேரம் உள்ளே அழுத்தம் இருக்கும், ஒன்றும் ஆகாது. தண்ணீர் நின்றதும் குழாய் காலி. மிச்சம் இருப்பதையும் உறிஞ்ச வீட்டுக்கு வீடு மோட்டார் போடுகிறோம். அப்போது வெளியே இருப்பது உள்ளே வரும். அந்த மழையில் சாக்கடை வாரக்கணக்கில் ததும்பி நின்றது.

பாயிடம்தான் முதலில் சொன்னேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "எனக்கு எங்கேர்ந்து வந்துச்சின்னு கடைசிவரைக்கும் தெரியாது ஃபிட்டரே. எந்த ஊசியோ, எந்தச் சலூனோ. ஒங்களுக்குத் தெரியுது. போயி அடைக்கலாம்" என்றார்.

அன்றே முடிவு செய்தேன். கலைமதி அந்தத் தெருவில் இருக்கக் கூடாது. மல்லிகா சண்டைக்கு வந்தாள். "வளையல் போட்டு கூட்டியாந்த பொண்ண திருப்பி அனுப்பிச்சா ஊரு காறித் துப்பும். தலைப்பிரசவம் தாய் வூட்லதான். நான் கொதிக்க வச்சித்தான குடுக்கறேன்?"

"சீரகத் தண்ணி குடிக்கறா. வாய் கொப்பளிக்கறது எந்தத் தண்ணி? தட்டு கழுவறது எந்தத் தண்ணி?" என்று கேட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு நானே போன் போட்டேன். சுற்றி வளைக்கத் தெரியாது. "என் ஒட்டுதான் பிரிஞ்சி தெருத் தண்ணி கெட்டுப்போச்சி. ஒங்க மருமவள ஒங்க வூட்டுக்கு அனுப்பறேன். தண்ணி காய்ச்சிக் குடுங்க" என்றேன்.

அந்த அம்மா யோசித்தார். "பொண்ணு எங்க இருந்தா இன்னா, நல்லா இருந்தா சரி. ஆனா இங்க அக்கம்பக்கத்துல கேப்பாங்களே, நான் இன்னான்னு சொல்றது?"

"கேக்கறவங்கள எனக்குப் போன் போடச் சொல்லுங்க. ஒவ்வொருத்தருக்கும் நானே சொல்றேன்."

கலைமதி கிளம்பும் முன் கட்டிலருகே வந்தாள். அவளிடமும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளும் என் பெண்தானே. "பத்து வருசம் நிக்கும்னியே அப்பா" என்றாள். அவ்வளவுதான். என் தலைமாட்டில் ஒரு சோப்புக் கட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தம் உறையும் நேரம் சரியாகிவிட்டது. மஞ்சள் மெல்ல மெல்லத்தான் இறங்கும், ஓய்வு எடு என்றார்கள். சாக்கடைக்குள் நான் இறங்கக் கூடாது என்று மல்லிகா வாசலில் கட்டிலைக் குறுக்கே போட்டாள். சேகர் இறங்கினான். நான் மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவன் தோண்டினான். ரப்பர் அப்படியே புதுசாக இருந்தது. கம்பி ஏழு சுற்றில் ஒன்றுகூட இல்லை, விரல் பட்டதும் துருவாக உதிர்ந்தது.

தெரு கூடி நின்றது. எழுந்து நின்று சொன்னேன். தையல்காரர் அப்போதும் கண் மஞ்சளாகத்தான் இருந்தார். "ஆஸ்பத்திரியில ஊரையே திட்டிகினு கெடந்தன்னு சொன்னாங்க. கடைசியில அந்த நாய் நீதானா?" என்றார்.

"நான்தான்."

"டீயத் திருப்பிக் குடு" என்றார்.

எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். குழாயைச் சாக்கடைக்கு மேலே தூக்கி, இரும்புத் தூண் நட்டு, முறையான கிளாம்ப்பு போட்டோம். தெருவுக்குத் தண்ணீர் விடும் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டோம். மோட்டாரை எல்லோரும் கழற்றவில்லை. அதற்கு இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தத் தெருவில் விழுந்த எல்லோரும் எழுந்துவிட்டார்கள். யாரும் சாகவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை. அந்தக் கிருமியின் குணம் அப்படி, எங்கள் நல்ல காலம்.

கலைமதிக்கு மட்டும்தான் நாள் எண்ணினேன். தினமும் காலை ஷிப்டுக்குப் போகிறவன் மாதிரி எழுந்து போன் போடுவேன். "கண்ணு வெள்ளையா?"

"வெள்ளை."

"சிறுநீர்?"

"அப்பா, பஸ்ஸு ஸ்டாண்டுல நிக்கறேன். சத்தமா கேக்காத."

இன்னொரு தடவை ரத்தம் பார்த்தார்கள், இல்லை. பங்குனியில், சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னால், பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. நான் போய்ச் சேரும்போது நர்ஸ் குழந்தையின் தொடையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். என்ன ஊசி என்று கேட்டேன். பி டைப்புக்கு, பிறந்ததும் போடுவது என்றார். வெளியே வந்து பாய்க்குப் போன் போட்டேன்.

"பர்மனெண்ட்டு இனிமே எங்க வூட்டுக்கு வராது பாய்" என்றேன்.

"நல்லா இருக்கட்டும்" என்றார். அவர் தினமும் ஒரு மாத்திரை போடுகிறார். கண் வெள்ளையாகிவிட்டது, கொட்டை வியாபாரம் பார்க்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. சீசனுக்கு ஒரு பலாப்பழம் அனுப்பி வைக்கிறார். தட்டு வீட்டில் எல்லோர் தட்டோடும்தான் அடுக்கியிருக்கிறதாம். ரேசர் மூன்று இருக்கிறதாம்.

எனக்கு உடம்பு பழையபடி ஆகிவிட்டது. காண்ட்ராக்ட்டிலேயே வேலைக்குத் திரும்பினேன். பீடி மட்டும் பிறகு ருசிக்கவே இல்லை, விட்டுவிட்டேன். மல்லிகா அதைத் தன் வேண்டுதல் என்கிறாள். இருக்கட்டும்.

ஐந்தாம் மாதம் கலைமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் வந்த களைப்பு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தண்ணீர் கேட்டாள். நான்தான் எடுத்துப் போனேன். சொம்பை வாங்கியவள் வாய்க்குக் கொண்டுபோகாமல் என் முகத்தைப் பார்த்தாள். கேள்வி அவள் வாயில் இருந்தது. போன தடவை நான் கத்தியது நினைவு வந்திருக்கும், கேட்கவில்லை.

"காய்ச்சினதுதான். கொதிக்கற வரைக்கும் அடுப்பாண்ட நின்னு பாத்தேன்" என்றேன்.

அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்தாள்.